விலங்கியல் படிப்பும் பயிற்சி இடமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். மதுரையில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். கோடையில் இன்டர்ன்ஷிப் கேட்டு நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன் (இணைத்திருக்கிறேன்). ஒருவரும் பதில் போடவில்லை. பணம் கட்டினால் பதினைந்து நாளில் சான்றிதழ் தருகிறோம் என்கிறது ஒரு பயிற்சி மையம். கட்டலாமா? "ஜுவாலஜி படிச்சா பி.எட்., இல்லேன்னா மெடிக்கல் ரெப்" என்று சீனியர்கள் சொல்வது உண்மையா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் மெயில் "ரெஸ்பெக்டட் சார்/மேடம்" என்று தொடங்கி, எந்த வேலையானாலும் செய்வேன் என்று முடிகிறது. நாற்பது பேருக்கும் ஒரே மெயில் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. எந்தத் தேதிகளில் வருவீர்கள், கையால் என்ன செய்யத் தெரியும் என்ற இரண்டும் அதில் இல்லை. இரண்டாவதுதான் பெரிய குறை. அதை ஊரிலேயே சரிசெய்யலாம்.

உங்கள் தெருவில் இருபது வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, எட்டு வாரம். தொட்டி, டிரம், ஆட்டுக்கல், பழைய டயர், சிரட்டை, பிரிட்ஜின் பின்தட்டு என்று நீர் நிற்கும் ஒவ்வொன்றிலும் கொசுப்புழு இருக்கிறதா பாருங்கள். நீர்மட்டத்தை ஒட்டிப் படுக்கையாகக் கிடந்தால் அனாஃபிலஸ் என்ற கொசு வகை. தலைகீழாகத் தொங்கினால் வால்பக்கத்து மூச்சுக்குழலைக் கவனியுங்கள்: நீண்டு மெலிந்திருந்தால் கியூலெக்ஸ், குட்டையாகத் தடித்திருந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ். இருபது வீட்டில் மூன்றில் ஏடிஸ் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 15, அதாவது நூறு வீட்டுக்குப் பதினைந்து வீடு. அந்த மூன்று வீட்டிலும் சேர்த்து ஐந்து பாத்திரங்களில் இருந்தால், நூறு வீட்டுக்கு இருபத்தைந்து பாத்திரம். இதுதான் பிரெட்டோ குறியீடு. டெங்குக் கண்காணிப்பில் பயன்படுத்தும் அதே கணக்குகள் இவை.

மாதிரியை 70 சதவீத எத்தனாலில் போட்டு, லேபிளைப் பென்சிலால் எழுதி குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து, எந்தப் புழு எந்த வீட்டுடையது என்பதே தெரியாமல் போய்விடும். எண்ணி முடித்ததும் வீட்டுக்காரர்களிடம் சொல்லித் தண்ணீரைக் கொட்டச் செய்யுங்கள். உங்கள் கணக்குக்காகக் கொசு வளரக் கூடாது. அடுத்த வாரம் அதே பாத்திரத்தில் திரும்ப வந்ததா என்பதும் ஒரு தகவல்தான். ஒன்றும் கிடைக்காத வாரத்திலும் பூஜ்யம் என்று எழுதுங்கள். வெற்று வாரங்களை விட்டுவிட்ட நோட்டை அனுபவசாலிகள் நம்ப மாட்டார்கள். புரட்டாசிக் கடைசியில் தொடங்கினால் ஐப்பசி மழை முழுவதும் உங்கள் நோட்டில் இருக்கும்.

கொசு பிடிக்காதென்றால் பறவை. மேலூர் அருகே அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கேயோ உங்கள் ஊர்க் கண்மாயிலோ நேரம் குறித்துப் பட்டியல் போட்டு இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள்.

இனி மெயில். ஒருவருக்கு ஒன்று, இருநூறு சொல்லுக்குள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். அடுத்து உங்கள் கணக்கெடுப்பு: எத்தனை வீடு, எத்தனை வாரம், என்ன கிடைத்தது. கடைசியில் "மே 12 முதல் ஜூன் 20 வரை" என்பது போலத் தேதி. செமஸ்டர் தேர்வு முடியும் நாளைத் துறையில் கேட்டு உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள். ஒரு பக்க பயோடேட்டாவை உங்கள் பெயரிட்ட பி.டி.எஃப்.ஆக இணையுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். கல்லூரியின் தடையின்மைச் சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இடம் கிடைத்தும் அது வராமல் நாள் தவறியவர்கள் உண்டு.

யாருக்கு எழுதுவது? பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கொசு ஆராய்ச்சிக் கள நிலையம் இருக்கிறது. காமராசர் பல்கலைக்கழக உயிரியல் புலம், அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சி மையம், ஒத்தக்கடை வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறை, சற்றுத் தள்ளி மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுத் திட்டத்தில் உதவித்தொகையும் உண்டு. ஆனால் அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியரிடம் மூன்று வாரம் முன்பே நோட்டைக் காட்டிக் கேளுங்கள்.

பயிற்சி மையம் பணம் வாங்குவதையே தப்பு என்று சொல்ல மாட்டேன், ரசாயனங்களுக்குச் செலவு உண்டு. கட்டுமுன் ஒரு வகுப்பை நேரில் பாருங்கள். பயிற்றுநர் டி.என்.ஏ.வைப் பிரிக்கும் ஜெல்லை ஊற்ற முப்பது பேர் எட்டிப் பார்க்கிறார்கள் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். மிகச் சிறு அளவு திரவம் எடுக்கும் மைக்ரோபிப்பெட்டின் பொத்தானை முதல் நிறுத்தம் வரை அழுத்தித்தான் உறிஞ்ச வேண்டும். இரண்டாவது வரை அழுத்திவிட்டு உறிஞ்சினால் அளவு கூடிவிடும். இது எட்டிப் பார்த்து வராது, விரலுக்குப் பழக வேண்டிய விஷயம்.

சீனியர்கள் சொல்வது பாதி உண்மை. மருத்துவமனை லேபுக்கு விலங்கியல் பட்டம் மட்டும் பெரும்பாலும் போதாது, டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம் கேட்பார்கள். ஆனால் ஆராய்ச்சித் திட்டங்களில் களப்பணியாளர், திட்ட உதவியாளர் வேலைகள் வருகின்றன. ஒப்பந்த வேலைதான், நிறுவன இணையதளத்தில் அறிவித்து நேர்காணல் வைப்பார்கள், அசல் சான்றிதழ்களோடு போக வேண்டும். பட்டம் முடித்ததும் உதவித்தொகையுடன் தொழில் பழகுநராகச் சேரவும் மத்திய அரசின் திட்டம் இருக்கிறது.

முதல் நான்கு வாரக் கணக்கு முடிந்ததும் அட்டவணையை எனக்கு அனுப்புங்கள். மெயிலை அதை வைத்து எழுதிப் பார்க்கலாம்.