ஒரே ஆய்வாளருக்கு இரண்டு தளத்தில் இரண்டு எச்-இன்டெக்ஸ் ஏன்?

மருத்துவ நுண்ணுயிரியல் பேராசிரியர் ஒருவரின் எச்-இன்டெக்ஸ் கூகுள் ஸ்காலரில் கூடுதலாகவும் ஸ்கோபஸில் குறைவாகவும் இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே ஆய்வுக் கட்டுரைகளையும், மற்ற ஆய்வுகள் அவற்றைச் சுட்டிய மேற்கோள்களையும் திரட்டும் தளங்கள். கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்: ஒருவரின் எத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை மேற்கோள் பெற்றிருக்கின்றனவோ, அந்த மிகப் பெரிய எண்தான் எச்-இன்டெக்ஸ். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 48, 30, 12, 5, 4, 1. நான்காவதுக்கு 5 இருக்கிறது, ஐந்தாவதுக்கு 4தான். ஆக, எச் 4.

எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வரும் முன்பே இணையத்தில் இடும் கட்டுரை) என எல்லாவற்றிலிருந்தும் அள்ளும். ஸ்கோபஸ், தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள் போன்றவற்றோடு நிற்கும். போதாததற்கு, இனிஷியல் முன்பின்னாக மாறினால் ஒருவரையே இரண்டு ஆளாக்கிவிடும். அப்படிப் பிரிந்த இரண்டு ஸ்கோபஸ் பக்கங்களையும் இணைக்கக் கோரி, ஆர்சிட் எண்ணையும் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) சேர்க்க வேண்டும்.

மொத்த மேற்கோளைப் பார்த்து மயங்காதீர்கள். நுண்ணுயிர் எதிர்ப்புத்திறன் பற்றி 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த உலகளாவிய ஆய்வுக்கு ஆசிரியர்களே நூற்றுக்கும் மேல், மேற்கோள்களோ ஆயிரக்கணக்கில். அதில் பெயர் இருந்தால் மொத்தம் எகிறும். எச் அதிகபட்சம் 1தான் கூடும்.