அண்ணனைத் திருத்துவது: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

'ஃப்ரீ எண்டர்பிரைஸ்' படம் பார்த்தேன். 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரே உலகம் என்று, முப்பதை நெருங்கியும் வளராத இரண்டு நண்பர்கள். சிரித்தேன், ஆனால் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அண்ணனுக்கு 34 வயது, சம்பளத்தில் பாதி விண்கலப் பொம்மைகளுக்கே போகிறது. இவர்களை எப்படித் திருத்துவது? அப்புறம், படம் பிற்பாதியில் இழுக்கவில்லையா?

வாசகன்

அன்புள்ள தம்பி,

இழுக்கிறது, சரி. கொஞ்சப் பணத்தில் எடுத்து 1999இல் வெளிவந்த படம், அதை விடுங்கள். 'திருத்துவது' என்று எழுதினீர்களே, அந்தச் சொல்தான் இரண்டு நாளாக என்னைக் குடைகிறது.

'ஸ்டார் ட்ரெக்'கில் விண்கலத் தலைவராக நடித்த வில்லியம் ஷாட்னர், இந்தப் படத்தில் ஷாட்னராகவே வருகிறார். சிறுவயது முதல் கும்பிட்ட ஆள் நேரில் வந்தால், ஜூலியஸ் சீசரை இசை நாடகமாக்கி எல்லா வேடமும் தானே போடத் துடிக்கிற, தடுமாறுகிற மனிதராக இருக்கிறார். நண்பர்கள் ஓடிவிடவில்லை, கூடவே நிற்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டா வளராதவர்கள் என்கிறீர்கள்? 1986இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைக் காட்சியில் இதே ஷாட்னர்தான் ரசிகர்களைப் பார்த்து, போய்ப் பிழைப்பைப் பாருங்கள் என்று கத்தினார். உங்கள் கடிதமும் அதையேதான் சொல்கிறது.

பிழைப்பைப் பார்க்காதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டாம் பருவத்தோடு தொடர் நின்றுவிடும் என்ற பேச்சு வந்தபோது ட்ரிம்பிள் தம்பதி என்ற ரசிகர்கள் மற்ற ரசிகர்களைத் திரட்டிக் கடிதம் எழுத வைத்தார்கள். கணினி இல்லை, ஒவ்வொன்றும் கையாலோ தட்டச்சிலோ எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியது. 1968இல் என்பிசி தொலைக்காட்சி, தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவித்தது. மூன்றாம் பருவம் வந்தது, 1969இல் 79 அத்தியாயங்களோடு முடிந்தது. அதற்கப்புறமும் ரசிகர்கள் விடவில்லை. 1972இல் நியூயார்க்கில் கூடினார்கள். 1976இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு 'எண்டர்பிரைஸ்' என்று பெயர் வந்ததே, அதுவும் ரசிகர்கள் எழுதிய கடிதங்களால்தான். இவர்களையெல்லாம் யாராவது முன்கூட்டியே திருத்தியிருந்தால்?

எங்கள் சித்தப்பாவைத் திருத்தினார்கள். எண்பதுகளில் ஞாயிறு காலை தூர்தர்ஷனில் அந்தத் தொடர் வரும். பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டி முன்னால் என்னை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் எண்பது பக்க நோட்டில் கப்பலை வரைந்து, புரிந்தவரைக்கும் கதையை எழுதுவார். வேலைக்கான தேர்வில் தோற்ற அன்று தாத்தா அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை அப்புறம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார், எனக்குக் கதை சொல்வதையும்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மகள் கேட்காமலே அவள் கையைப் பிடித்து, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பிரித்து, அந்தத் தொடரில் வரும் ஸ்பாக் இப்படித்தான் வணக்கம் சொல்வார் என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, இந்த ஞாயிறு அண்ணன் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்தக் கலம் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டும்.

அன்புடன்,
அக்கா