அச்சு விலைக்கு மேலே ஸ்டிக்கர்

இலங்கையில் கிளிநொச்சிக் கடையொன்றில் சவர்க்காரத்தில் அச்சிட்ட விலை 150 ரூபாய், அதன் மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் 170, எதைக் கொடுப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். அச்சிட்ட 150 ரூபாயைக் கொடுத்தால் போதும், மேலே ஒட்டிய 170 செல்லாது. கடையில் "விலை ஏறிவிட்டது" என்று சொன்னார்களாம், ஏறியது புதிதாக வரும் சாமானுக்கு, பழைய சரக்கில் அச்சிட்ட ஆகக்கூடிய சில்லறை விலைதான் எல்லை. அதை மறைப்பதோ அழிப்பதோ 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி குற்றம்.

அநேகமாகப் பழைய இருப்புக்கும் புது விலையை ஒட்டியிருப்பார்கள். பரந்தனில் எனக்கும் இதே கதை, முதலாளியிடம் மெதுவாகக் காட்டியதும் பேசாமல் மிச்சக் காசைத் தந்தார்.

அடுத்தமுறை ஸ்டிக்கரைக் கிழிக்க முன்னம் அப்படியே ஒரு படம், கிழித்தபின் இன்னொரு படம் எடுங்கள். பில்லைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தரத்தான் வேண்டும், முறைப்பாட்டுக்கு அது நல்ல சான்று. பிறகு அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம், இல்லாவிட்டால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கும் அதன் அதிகாரியிடம் நேரே போகலாம்.

ஆனால் ஒன்று, ஸ்டிக்கர் இருந்தாலே களவு என்றில்லை. இறக்குமதிச் சாமானில் இறக்குமதியாளரே விலையை ஒட்டித்தான் அனுப்புவார், ஸ்டிக்கருக்கு அடியில் வேறு இலங்கை ரூபாய் விலை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிறுத்துத் தரும் பருப்பு, சீனிக்கு அச்சு விலையே கிடையாது, அதற்குக் கடையில் தொங்கும் விலைப்பட்டியலைத்தான் பார்க்கவேண்டும்.