நல்ல போன் இருக்கும்போது ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கலாமா? அதன் பலம், பலவீனம் என்ன?

கேள்வி கேட்டவரிடம் நல்ல போன் இருக்கிறதாம். கைமாறி வரும் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றும் கேமரா) ஒன்று 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸோடு கிடைக்கிறது. கூடவே தூரத்தைக் கிட்டே இழுக்கும் ஒரு 70-300 லென்ஸும் தருவதாக விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அந்த வகைக் கேமரா ஒன்றை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். எந்த கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. இந்தப் படியில் இருக்கும் கேமராக்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவைதான்.

மலிவான கேமரா என்றதும் படமும் சுமாராகத்தான் வரும் என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கம்பெனிகள் செலவைக் குறைப்பது வேறு இடத்தில். நிக்கான் டி3500, அதற்கு மேல் டி5600, அதற்கும் மேல் டி7200, மூன்றிலும் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (முழு ஃப்ரேமைவிடச் சிறிய அளவு) சென்சார்தான். ஒரே லென்ஸில் எடுத்த ரா ஃபைல்களை (கேமரா திருத்தாத மூலப் படங்களை) பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்வது கஷ்டம். டயல், பட்டன், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர், ஃபோக்கஸ் மோட்டார் இவற்றில்தான் கத்தரி விழுகிறது. படத்துக்குக் குறை வைக்காமல், எடுப்பவரின் விரலுக்கும் கண்ணுக்கும் குறை வைத்துவிடுகிறார்கள். இந்தக் கேமராக்களின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

டயலையே எடுத்துக்கொள்ளுங்கள். டி7200 போன்ற மேல்படிக் கேமராக்களில் கட்டைவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று என இரண்டு டயல் இருக்கும். இதில் ஒன்றே ஒன்று. மேனுவல் மோடில் டயலைச் சுற்றினால் ஷட்டர் ஸ்பீட் மாறும். லென்ஸின் திறப்பான அபெர்ச்சரை மாற்ற ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே டயலைச் சுற்ற வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பழகும்போது இது ஒரு பொருட்டாகவே தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையை வ்யூஃபைண்டரில் துரத்தும்போதுதான் தெரியும். வலது கட்டைவிரல் டயலில், ஆள்காட்டி விரல் பட்டனில், ஷட்டரை அழுத்த விரலே மிச்சமில்லை. ஒரு கட்டத்தில் மேனுவலை விட்டுவிட்டு, திறப்பை மட்டும் நான் வைக்கும் அபெர்ச்சர் பிரயாரிட்டியும், ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) கேமராவே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். மேனுவலில் எடுத்தால்தான் போட்டோகிராஃபர் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஐஎஸ்ஓ கதை தனி. இரவில் 3200-இல் வைத்து எடுத்துவிட்டு, மறுநாள் பட்டப்பகலில் அதே 3200-இல் நூறு படத்துக்கு மேல் எடுத்து முடித்த பெருமை எனக்கு உண்டு. பெரிய கேமராக்களின் தலையில் ஒரு சிறிய டிஸ்ப்ளே இருக்கும். எடுக்கும் முன் ஒரு பார்வை பார்த்தால் போதும். இதில் அது கிடையாது. தப்பு என்னுடையதுதான், ஆனால் தப்பைக் காட்டிக்கொடுக்கவும் ஆளில்லை.

சரி, போனோடு ஒப்பிடுவோம். இந்தக் கேமராக்களின் சென்சார் நிக்கானில் சுமார் 23.5 x 15.6 மில்லிமீட்டர், கேனானில் 22.3 x 14.9. ஒரு இன்ச் சென்சார் என்று பெருமையாக விளம்பரம் செய்யும் போன்களிலேயே அளவு ஏறக்குறைய 13 x 9.8 மில்லிமீட்டர்தான். பரப்பைக் கணக்குப் போட்டால் கேமரா ஏறக்குறைய மூன்று மடங்கு. சாதாரண போன்களின் சென்சார் இன்னும் சிறியது. ஜன்னலுக்கு எதிரே நிற்பவரை எடுக்கும்போது, வெளிவானம் வெளிறாமல் எக்ஸ்போஸ் செய்துவிட்டு, இருட்டாகிப்போன முகத்தை ராவில் தூக்கிவிடலாம். குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்திருந்தால் ஆச்சரியப்படும் அளவுக்கு முகம் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் போனை மட்டமாகப் பேசுவதும் நியாயமில்லை. இரவு நேரத் தெரு, அசையாத கட்டடம், கையில் ட்ரைபாட் இல்லை என்றால் போன்தான் ஜெயிக்கும். அது பல படங்களை வரிசையாக எடுத்து உள்ளுக்குள் ஒன்றாக்கிவிடுகிறது. என் கேமராவுக்கு அந்த வித்தை தெரியாது. எடுத்ததும் யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றாலும் போன்தான். கேமராவின் ஆப்போடு மல்லுக்கட்டி, அது இணைந்து படம் வந்து சேர்வதற்குள் எதிரில் இருப்பவர் போனில் பத்துப் படம் எடுத்து அனுப்பியிருப்பார். கேமரா முந்துவது மூன்று இடங்களில்: அசையும் பொருள், தூரத்துப் பொருள், முடி ஓரத்தில்கூடப் பிசிறடிக்காத நிஜமான பின்னணி மங்கல். இந்த மூன்றும் உங்களுக்கு வேண்டாமென்றால் மேலே படிக்காமலே போனோடு இருந்துவிடலாம்.

வேண்டுமென்றால் அடுத்த சிக்கல், கூடவே வரும் லென்ஸ். 18-55 கிட் லென்ஸ் பகல் வெளிச்சத்தில் குறை சொல்ல முடியாத லென்ஸ். கூர்மை நன்றாகவே இருக்கும், எடையும் கம்மி. இருட்டில்தான் கை விரித்துவிடும். 55 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்தால் அபெர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சிறியது). ஒருமுறை பள்ளி மேடையில் குழந்தைகள் ஆடியதை இதில் எடுத்தேன். ஐஎஸ்ஓ 6400-க்கு ஏறியும் ஷட்டர் ஸ்பீட் 1/60 தாண்டவில்லை. லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தது. அது என் கை நடுக்கத்தை நிறுத்தியதே தவிர, ஆடும் குழந்தையை நிறுத்தவில்லை. அத்தனை படத்திலும் மேடையின் திரைச்சீலை மட்டும் துல்லியமாக இருந்தது.

அப்புறம் ஒரு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 வாங்கினேன். எஃப் 5.6-ஐ விட இது உள்ளே விடும் வெளிச்சம் ஒன்பது மடங்குக்கும் மேல். அதே மேடை, அதே ஐஎஸ்ஓ என்றால் 1/60 இருந்த இடத்தில் 1/500 கிடைக்கும். கேமராவையே மாற்றிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 மில்லிமீட்டர் என்பது முழு ஃப்ரேம் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவின் 75 அல்லது 80 போல நடந்துகொள்ளும். ஓர் அறைக்குள் நான்கு பேரை எடுக்க முதுகு சுவரில் இடிக்கும்வரை பின்னால் போயும் ஒருவரின் தோள் வெளியே நின்றது. வீட்டுக்குள் எடுப்பதுதான் உங்கள் வேலை என்றால் 50-க்குப் பதில் 35 மில்லிமீட்டர் பாருங்கள். முதலில் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

வ்யூஃபைண்டரைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. கண்ணை வைத்தால் திரையில்லாமல் நேரடியாக லென்ஸ் வழியே பார்க்கிறோம். வெயிலில் கூசாது, தாமதமே கிடையாது. பறக்கும் பறவையைத் தொடர இதைவிட இயல்பான வழி எனக்குத் தெரியவில்லை. கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி வழியே பார்ப்பதால் பேட்டரியும் மிச்சம். டி3500-க்கு ஒரு சார்ஜில் 1550 படம் என்று கம்பெனிக் கணக்கு. இந்தக் கண்ணாடி இல்லாத சிறிய மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் அதே முறையில் அளந்தால் முந்நூறு நானூறில் நின்றுவிடுகின்றன. இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு நான் சார்ஜரையே எடுத்துப் போவதில்லை.

கெட்டது என்னவென்றால், உள்ளே இருப்பது முழுக் கண்ணாடிப் பட்டகம் இல்லை. சிறுசிறு ஆடிகளை ஒட்டிய மலிவான அமைப்பு. அதனால் காட்சி கொஞ்சம் சிறியது, கொஞ்சம் மங்கல். அதோடு நீளத்திலும் உயரத்திலும் 95 சதவீதம்தான் தெரியும். பரப்பில் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு நம் கண்ணுக்கு வராமலே படத்தில் விழுகிறது. ஓரத்தில் ஒரு மின்கம்பி, யாரோ ஒருவரின் முழங்கை. நான் பார்க்காதது எல்லாம் படத்தில் இருக்கும். இப்போது பழகிவிட்டது, வெட்டிவிடுகிறேன்.

ஃபோக்கஸுக்கு 9 அல்லது 11 புள்ளிகள்தான், அதிலும் நடுப்புள்ளி மட்டுமே கிராஸ் டைப் (குறுக்கும் நெடுக்கும் பார்ப்பது). மங்கிய வெளிச்சத்தில் ஓரப்புள்ளிகளை நம்ப முடியாது. நடுப்புள்ளியை எதிரில் இருப்பவரின் கண்ணில் வைத்துப் பூட்டிக்கொண்டு, பிறகு ஃப்ரேமை நகர்த்தி எடுப்பதே வழக்கமாகிவிட்டது. எஃப் 1.8-இல் அப்படி நகர்த்தும்போது சிலசமயம் ஃபோக்கஸ் கண்ணை விட்டு காதுக்குப் போய்விடும். இன்னொன்று, டிஎஸ்எல்ஆரில் ஃபோக்கஸ் பார்க்கும் சென்சார் தனி, படம் பிடிக்கும் சென்சார் தனி. இரண்டுக்கும் நடுவே இம்மி பிசகினாலும் படம் தொடர்ந்து கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ விழும். மேல்படிக் கேமராக்களில் அதை மெனுவிலேயே சரிசெய்யலாம். ஆரம்பநிலையில் அந்த மெனு கிடையாது. சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கம்பெனிகள் சத்தமில்லாமல் நீக்கிவிடும் சின்னச் சின்ன வசதிகள்தான் எனக்கு அதிக எரிச்சல். நிக்கான் டி3300-இல் வெளி மைக் சொருகும் துளையும், சென்சார் தூசியை உதறிவிடும் அமைப்பும் இருந்தன. அடுத்து வந்த டி3400-இல் இரண்டும் இல்லை, உள்ளிருக்கும் ஃபிளாஷும் வலு குறைந்தது. புதுசு வாங்கினால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம் கணக்கு இங்கே பொய்க்கும். கேனான் 4000டியில் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். பார்வைக்கு ஏற்ப வ்யூஃபைண்டரைத் திருகிச் சரிசெய்யும் சக்கரமும் இல்லை, கண்ணாடி போட்டவர்கள் கவனிக்க வேண்டும். கேனான் 250டியில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுமுனையை எடுத்துவிட்டார்கள், அதனால் மற்ற கம்பெனிகளின் சாதாரண ஃபிளாஷ் அதில் எரியாது. கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் இதில் எதுவும் கண்ணில் படாது.

வீடியோவுக்கு இதை வாங்க நினைத்தால், வேண்டாம். போனே மேல்.

எதிர்காலம் பற்றியும் ஒரு வார்த்தை. 2018-இல் கேனானும் நிக்கானும் முழு ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்குப் போனபிறகு டிஎஸ்எல்ஆர் பக்கம் கவனம் படிப்படியாகக் குறைந்துவிட்டது. புது லென்ஸ்களை எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் அமைப்பு) 1959-இலிருந்து, கேனானின் இஎஃப் மவுண்ட் 1987-இலிருந்து. அத்தனை வருடத்து லென்ஸ்கள் கைமாற்றுச் சந்தையில் கிடக்கின்றன. மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் விற்றுத் தள்ளுவது நமக்கு லாபம். ஒரேயொரு எச்சரிக்கை. நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் பாடிக்குள், அதாவது கேமராவுக்குள், ஃபோக்கஸ் மோட்டார் இல்லை. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதிய லென்ஸ்தான் தானாக ஃபோக்கஸ் ஆகும். வெறும் ஏஎஃப் அல்லது ஏஎஃப்-டி என்றிருந்தால் கையால் திருக வேண்டும். கேனான் இஎஃப் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸிலேயே இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை.

உங்களுக்குச் சொல்லும் அந்த 70-300-இல் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். நிக்கானில் 70-300 என்ற பெயரில் பல லென்ஸ்கள் உண்டு. உங்களுக்கு வருவது நிக்கான் என்றால், பழைய ஏஎஃப் 70-300 ஜி அந்தப் பாடியில் தானாக ஃபோக்கஸ் ஆகாது. புதிய ஏஎஃப்-பியிலும் ஸ்டெபிலைசர் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. ஸ்டெபிலைசருக்கு நிக்கான் வைத்த பெயரான விஆர் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். சில பழைய பாடிகளில் ஏஎஃப்-பியே வேலை செய்யாது. 300 மில்லிமீட்டர் இந்தச் சென்சாரில் 450 போல ஆவதால், ஸ்டெபிலைசர் இல்லாமல் 1/500-க்குக் கீழே கையில் பிடிப்பது சிரமம். விஆர் உள்ளது என்றால் தாராளமாக வாங்குங்கள், அதில் ஒரு மீன்கொத்தியை எடுத்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை. இல்லையென்றால் அதை விட்டுவிட்டு, பாடியும் 18-55-உம் மட்டும் கேளுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு 35 எஃப் 1.8 தேடலாம்.

பார்க்கப் போகும்போது உங்கள் மெமரி கார்டை எடுத்துப் போங்கள். எஃப் 16 வைத்து, ஃபோக்கஸை மங்கலாக்கி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுத்து முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. ஊதினால் போகிற தூசி என்றால் பிரச்சினை இல்லை. ஊதியும் அதே இடத்தில் நின்றால், சுத்தம் செய்யும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அதே கார்டில் இருக்கும் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பல மாடல்களில் தெரிந்துவிடும். பத்தாயிரம் இருபதாயிரம் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.