சயாமுக்குப் போன சின்னத் தாத்தா

வணக்கம் ஐயா,

என் தாத்தாவின் தம்பியை 1943இல் பேராக் தோட்டமொன்றிலிருந்து ஜப்பான்காரன் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, பர்மா வரை ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனானாம். திரும்பி வரவில்லை. வருகிற டிசம்பரில் குடும்பமாக ஏழு பேர் காஞ்சனபுரி போகிறோம். 84 வயது அத்தையும் வருகிறார். அங்குள்ள கல்லறையில் அவர் பெயர் கிடைக்குமா? பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

ம., ஈப்போ

அன்புள்ள ம.,

கிடைக்காது. அங்கே போய் ஏமாற வேண்டாம் என்றுதான் எடுத்த எடுப்பிலேயே சொல்கிறேன்.

ஊருக்குள் இருக்கும் அந்தப் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேர் இருக்கிறார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள். சிப்பாய்க்கு நம்பர் உண்டு, படைப்பிரிவு உண்டு; செத்தால், கூட இருந்தவன் ஒளித்தாவது குறித்துவைத்தான். தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவனை யார் குறித்துவைத்தது? அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் செத்த கைதிகள் 12,000க்கு மேல் என்று கணக்கு இருக்கிறது. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று செத்த தொழிலாளர்களுக்கு 90,000 என்பதே ஓர் உத்தேசம்தான். 1943 மழையில் காலரா பரவியபோது அவர்கள் முகாம்கள் பலவற்றில் மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளவும் ஆள் கிடையாது.

நான் போனபோது என் மனைவியின் மாமா கூட வந்தார். அவருடைய அண்ணனும் சயாமுக்குப் போனவர். எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அந்தக் கல்லறையில் வரிசை வரிசையாகக் குனிந்து படித்துக்கொண்டே போனார். ஒரு மணி நேரம். செடிக்குத் தண்ணீர் விட்டவன் குழாயை ஒதுக்கி வழிவிட்டான். கடைசி வரிசையில் நிமிர்ந்து, "எல்லாம் வெள்ளைக்காரன் பேரு" என்றார். அவ்வளவுதான்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் வாட் தாவோர்ன் என்ற வியட்நாமியக் கோயில். பெயர் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகள் அங்கே அடங்கியிருக்கின்றன. மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தார். அண்ணன் சுருட்டுப் பிடிப்பாராம். கொழும்பிலிருந்தோ பினாங்கிலிருந்தோ யாரிடமோ சொல்லி வாங்கிவைத்திருந்திருக்கிறார், எங்களிடம் மூச்சுவிடவில்லை. தீப்பெட்டி மட்டும் கொண்டுவரவில்லை. ஊதுபத்தி விற்ற தாய்லாந்துக் கிழவி கொடுத்தாள். உங்கள் அத்தையை முதலில் இங்கே அழைத்துப்போங்கள். குவாய் ஆற்று ரயில் பாலம் ஒன்றும் ஓடிவிடாது.

பாலத்தில் பிள்ளைகள் எப்படியும் செல்ஃபி எடுப்பார்கள், எடுக்கட்டும். வளைந்த இரும்பு வளைவுகள் பழையவை, நடுவில் கோணமாக இருப்பவை குண்டு விழுந்தபிறகு மாற்றியவை; அதை மட்டும் காட்டுங்கள். பிறகு ‘நாம் தோக்’ என்ற ஊருக்குப் போகும் ரயில். வழியில் ‘தாம் கிராசே’ என்ற இடத்தில் மலையை ஒட்டி மரச்சட்டங்களின் மேல் ரயில் ஊர்ந்துபோகும். மரம் கிறீச்சிடுவது கேட்கும்.

போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அத்தை கேட்டு வளர்ந்ததை எல்லாம் போனில் பதிவுசெய்துகொள்ளுங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), அதே லாரியில் ஏறிய மற்றவர்கள் யார் யார். தோட்டத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயரையும் கேளுங்கள். ஆங்கிலப் பெயர் வேறாக இருக்கும், பின்னால் தேடும்போது நம் ஆட்கள் வைத்த பெயரும் உதவும். ஊருக்குத் திரும்பியபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அவருக்கு 84 வயது.

நாம் தோக் போகும்போது அவரை இடது பக்க ஜன்னலில் உட்காரவையுங்கள். ஆறு அந்தப் பக்கம்தான் வரும்.