வேருக்கு ஊற்றிய ஸ்டீராய்டு

கேள்வி: குழித்தட்டில் மிளகாய் நாற்று விட்டிருக்கிறேன். இலைக்குத் தெளிக்க வாங்கிய 0.04% ஹோமோபிராசினோலைடை, வேர் நன்றாக ஓடட்டும் என்று லிட்டருக்கு 1 மில்லி கலந்து தட்டில் ஊற்றினேன். பத்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தால், ஊற்றாத தட்டில்தான் வேர் நீளம். மருந்து போலியா?

பதில்: போலியாக இருந்திருந்தால் வேர் தப்பித்திருக்கும்! நீங்கள் ஊற்றியது பிராசினோஸ்டீராய்டு என்னும் தாவர ஸ்டீராய்டு ஹார்மோன் வகை. செடிக்குள் இது இருக்கும் அளவு மிக அற்பம். 1979இல் அமெரிக்க ஆய்வாளர்கள், தேனீக்கள் சேர்த்த கடுகினச் செடியின் மகரந்தத்தைச் சுமார் 227 கிலோ அலசி எடுத்தது வெறும் 4 மில்லிகிராம்.

உங்கள் கரைசலில் லிட்டருக்கு 400 மைக்ரோகிராம் இருக்கிறது. ஆய்வகத்தில் அரபிடாப்சிஸ் என்ற சிறுசெடியின் வேரை நீளச் செய்யும் அளவோ 0.05 மைக்ரோகிராம் அளவில்தான். மிளகாய் வேறு செடி, தட்டில் நிரப்பும் தென்னை நார்க்கழிவும் ஆய்வகத்தில் செடி வளர்க்கும் கூழ் அல்ல. ஆனாலும் எட்டாயிரம் மடங்கு வித்தியாசத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

வேர் நுனியில், அதைக் காக்கும் மூடிக்குச் சற்றுப் பின்னால் செல்கள் பிரிந்து பெருகும் பகுதி ஒன்று உண்டு. அங்கே பெருகிய செல்கள்தான் பிறகு நீண்டு வேரை முன்னே தள்ளுகின்றன. இந்த ஹார்மோன் மிகுந்தால், செல்கள் போதுமான அளவு பெருகும் முன்பே நீளக் கிளம்பிவிடுகின்றன. பெருகும் பகுதி சுருங்கி, வேர் நின்றுவிடுகிறது. ஹார்மோனே இல்லாவிட்டாலும் வேர் குட்டைதான்; அதை உண்டாக்க முடியாத, மரபணு திரிந்த செடிகள் குள்ளமாகவே நிற்கின்றன.

இலையில் தெளித்தால் வேருக்கு இறங்கும் என்றும் நம்ப வேண்டாம். செடி தன் பிராசினோஸ்டீராய்டை, ஆக்சின் என்ற இன்னொரு வளர்ச்சி ஹார்மோனைப் போல நெடுந்தூரம் அனுப்புவதில்லை; உண்டான இடத்துக்கு அருகிலேயே அது வேலை செய்கிறது.

இப்போதைக்கு நல்ல தண்ணீரை, அடியில் வடியும்வரை ஒருமுறை ஊற்றுங்கள். இனி மருந்து வேண்டாம். புது நுனிகள் வெள்ளையாக எட்டிப் பார்த்தால் நாற்றைக் காப்பாற்றிவிடலாம்; நுனி பழுப்பேறி, விரலால் இழுத்தால் தோல் உருவி வந்தால் அது அழுகல், வேறு பிரச்சினை. வேர் ஓட வேண்டுமென்றால் முதலில் தட்டின் வடிகால் துளைகளைப் பாருங்கள். பெரும்பாலும் அவைதான் அடைத்துக் கிடக்கும்.