பட்டாணி மாவுச்சத்து வெறும் சக்கைதானா?

"பட்டாணியிலிருந்து புரதத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் மாவுச்சத்துக்கு உருப்படியான பயன் ஏதும் உண்டா, இல்லை அது வெறும் சக்கைதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பேச்சை வேலையிடத்தில் கேட்டுக் கேட்டு நொந்துபோனவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நீங்கள் புரத மாவு தயாரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறீர்கள், அல்லது அப்படி ஒன்றைத் தொடங்கும் யோசனையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். புரதம் கைக்குக் கை போய்விடுகிறது, மாவுச்சத்து மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. தேங்கத்தான் செய்யும். காய்ந்த உருண்டைப் பட்டாணியில் புரதம் 20 முதல் 25 சதவீதம், மாவுச்சத்தோ ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. எடையில் பெரிய பங்கையே 'மிச்சம்' என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

உணவுப் பொருள்களை உருவாக்கிப் பார்க்கும் ஒரு சோதனைக்கூடத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். உறைய வைத்து விற்கும் ஒரு சாஸைக் கெட்டியாக்க, சோள ஸ்டார்ச்சுக்கு, அதாவது சோள மாவுச்சத்துக்குப் பதிலாகப் பட்டாணி ஸ்டார்ச்சைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கொதிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நீண்ட நேரம் கிண்டியும் நீர்த்துப்போகவில்லை. ஆனால் உறைய வைத்து எடுத்ததும் தண்ணீர் தனியாக, கட்டி தனியாகப் பிரிந்து நின்றது. மேலதிகாரி கிண்ணத்தை ஒருமுறை சாய்த்துப் பார்த்தார், "இது எதற்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வேலைக்கு ஆகாது என்பது சரி. எதற்கும் ஆகாது என்பது எப்படிச் சரியாகும்?

அன்று மாலையே அதே ஸ்டார்ச்சில் கொஞ்சம் கிளிசரின் சேர்த்து, நன்றாகக் கொதிக்க வைத்து, கண்ணாடித் தட்டில் மெல்லியதாக ஊற்றிக் காயவிட்டேன். காய்ந்த பிறகு ஓரத்தை நகத்தால் நெம்பினால் முழுசாக உரிந்து வந்தது. எழுத்தின் மேல் வைத்தால் படிக்க முடிகிற அளவுக்குத் தெளிவான தாள். கெட்டியாகக் காய்ச்சிய இன்னொரு பங்கை அச்சில் ஊற்றி ஆறவிட்டதில், கத்தி வைத்தால் ஓரம் சிதையாமல் துண்டு துண்டாக வெட்டுப்பட்டது. ஜெலட்டின் ஒரு துளியும் இல்லை.

சாஸைக் கெடுத்ததும் தாளை உருவாக்கியதும் ஒரே குணம்தான். மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. கிளை விட்டுப் பரவுவது அமைலோபெக்டின், பெரும்பாலும் நேராக நீளுவது அமைலோஸ். சாதாரண சோள ஸ்டார்ச்சில் அமைலோஸ் கால் பங்கு அளவில் இருக்கும். உருண்டைப் பட்டாணியில் அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டலாம். நேரான இழைகள் ஆறும்போது ஒன்றோடொன்று நெருங்கி இறுகுகின்றன. அந்த இறுக்கத்தால்தான் ஜெல் உறுதியாக நிற்கிறது, படலம் கிழியாமல் வருகிறது. உறைந்து உருகும்போது தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுவதும் அதே இறுக்கம்தான்.

இதில் சுருங்கிய பட்டாணி தனிக் கதை. மெண்டல் 1866-இல் வெளியிட்ட கட்டுரையில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850 என்று எண்ணி எழுதியிருப்பதைப் பள்ளியில் எல்லாரும் படித்திருப்போம். அந்தச் சுருக்கத்துக்குக் காரணமே மாவுச்சத்துதான் என்று எனக்கு எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. மாவுச்சத்துக்குக் கிளை போடும் நொதியின் மரபணுவில் ஒரு துண்டு டி.என்.ஏ. நுழைந்து அதைக் கெடுத்துவிடுகிறது. 1990-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். கிளை போடுவது குறைவதால் மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை மிஞ்சுகிறது, விதை கூடுதலாகத் தண்ணீர் இழுக்கிறது, காயும்போது தோல் சுருங்குகிறது. இருக்கிற கொஞ்ச மாவுச்சத்திலும் அமைலோஸ் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும். சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் அது சரியாகக் கூழாவதே இல்லை. ஆகவே 'பட்டாணி ஸ்டார்ச்' என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான் கிடைக்கிறது.

சுருங்கிய பட்டாணியின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அதைச் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுவது குறைகிறது என்று 2020-இல் நேச்சர் ஃபுட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உடனே "அப்படியானால் உருண்டைப் பட்டாணி ஸ்டார்ச்சை அப்படியே சர்க்கரை நோயாளிக்குக் கொடுக்கலாமா" என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். நான் அதைச் சொல்லவில்லை. பிரித்தெடுத்து வேகவைத்த ஸ்டார்ச்சும், செல் சுவர் உடையாத பட்டாணியும் உடலில் ஒரே மாதிரி செரிப்பதில்லை.

பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் இருக்கும்போது இவன் எதற்குப் பேசுகிறான் என்று சிலருக்குத் தோன்றலாம். அந்தத் தாளை ஊற்றியதும் உரித்ததும் என் கைகள். அறிக்கை மேலே போனபோது அதில் என் பெயர் இல்லை. கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தவர் பெயர் முதலில் இருந்தது. சோதனைக்கூட உதவியாளர்களின் பெயரைக் கடைசி வரியில் கூடப் போடாத வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பாத்திரம் கழுவுவதிலிருந்து அளவு எடுப்பது வரை செய்தவருக்கு ஒரு வரி நன்றி எழுதினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடி நூடுல்ஸ், ஜெலட்டின் இல்லாத மென்மிட்டாய், குளூட்டன் இல்லாத தின்பண்டம், சூப்பைக் கெட்டியாக்குவது, உண்ணத்தக்க படலம், மட்கும் பிளாஸ்டிக், காகிதத்துக்குப் பூச்சு என்று இடங்கள் நிறைய. நூடுல்ஸில் பாசிப்பயறு ஸ்டார்ச்சுக்குத்தான் முதலிடம், அதை மறுக்கவில்லை. படலம் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. அதனால் ஈரமான பொருளைச் சுற்ற அதை மட்டும் நம்பாதீர்கள். உறைய வைக்கும் பொருளுக்கு இதை அப்படியே போடாதீர்கள், வேதிமுறையில் மாற்றிய ஸ்டார்ச் போன்ற ஒன்று வேண்டும்.

வாங்குபவரைத் தேடும் முன் உங்கள் ஸ்டார்ச்சின் அமைலோஸ் அளவையும் அதில் மிஞ்சியிருக்கும் புரதத்தையும் அளந்து வையுங்கள். புரதம் மிஞ்சினால் பட்டாணி வாசனை போகாது, ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஆபத்து. அரைத்துக் காற்றால் பிரிக்கும் முறையில் கணிசமாகவே மிஞ்சும். தண்ணீரில் கரைத்துப் பிரிக்கும் முறையில் மிகக் குறைவு. உங்கள் ஆலையில் எந்த முறை என்று சொன்னால், முதலில் எந்தப் பொருளை முயன்று பார்க்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.